விக்கித் தளத்தில் நிரலும் தரவும்

1. முன்னுரை

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கப் புகுந்தோர் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்று, சுவடியில் மூலமும் உரையும் விரவிக் கிடந்தமையாகும். ஓலையில் இடம் சிறிது. எழுத்தும் ஒரே வகையினது. மூலம் இவ்விடத்து முடிகின்றது, உரை இவ்விடத்துத் தொடங்குகின்றது என்று காட்டும் குறியீடு பெரும்பாலும் இராது. படியெடுப்போர் ஒருவர் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு, அடுத்த படியில் நூலினுள் புகுந்துவிடுதலும் உண்டு. ஆகவே இது மூலம், இது உரை, இஃது இடைச்செருகல் எனப் பிரித்துக் காண்பது பதிப்பாசிரியரின் முதற்பணி ஆயிற்று. இருவகை எழுத்தையும் ஒரே ஏடு தாங்குமிடத்து, அவற்றைப் பிரித்துத் தருதல் ஏட்டின் வேலையன்று; அதனைக் கையாள்வோரின் கடமையாகும்.

இதனோடு ஒப்பிடத்தக்க நிலையொன்று இன்று கணினியிலும் காணப்படுகின்றது. சுவடி அட்டவணை, சொல்லடைவு, பாட வேறுபாட்டுத் தொகுப்பு முதலியவற்றைப் பலர் கூடி உருவாக்குதற்கு விக்கித் தளம் ஏற்ற கருவியாகும். ஆயின் அத்தளத்தில், கருவியை இயக்கும் கட்டளைகளும், ஆய்வாளர் உழைத்துச் சேர்க்கும் செய்திகளும் ஒரே வடிவினவாகிய பக்கங்களில் தங்குகின்றன. அவ்விரண்டையும் எவ்வாறு பிரித்து அமைத்தல் வேண்டும் என்பதனையும், பிரிக்காவிடின் நேரும் இழப்பு யாது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எக்ஸ்விக்கி என்னும் தளத்தைச் சிறப்பாகவும், மீடியாவிக்கியை ஒப்பீட்டின் பொருட்டும் எடுத்துக்கொள்கின்றோம்.

2. சொற்களின் பொருள்

நிரல், தரவு என்னும் இரு சொற்களும் தமிழாசிரியர்க்குப் புதியன அல்ல. நிரல் என்பது வரிசை; நிரல்நிறை என்னும் பொருள்கோளில் நாம் அதனைக் காண்கின்றோம். கணினி வழக்கில் அது கட்டளைகளின் வரிசையைக் குறிக்கும். தரவு என்பது யாப்பிலக்கணத்தில் கலிப்பாவின் முதலுறுப்பு; கணினி வழக்கில் அது தரப்பட்ட செய்தியைக் குறிக்கும். ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்தற்பொருட்டு நிரலால் அமைத்த கருவி பயன்பாடு எனப்படும். பயன்பாட்டைப் படைத்தவர் எழுதுவது நிரல். பயன்பாட்டைக் கையாள்வோர் அதனுள் இடுவது பயனர் தரவு. சுவடி அட்டவணைக்குரிய படிவம் நிரலைச் சார்ந்தது. அப்படிவத்தில் ஒருவர் எழுதிய நூற்பெயரும் ஏடுகளின் எண்ணிக்கையும் தரவைச் சார்ந்தன.

இவ்வேறுபாடு வெளிப்படையானது எனத் தோன்றும். விக்கியில் அது மறைவதற்குக் காரணம் விக்கியின் இயல்பிலேயே உள்ளது.

3. விக்கியின் இயல்பு

படிப்பவர் தாமே உலாவியின் வழியாகத் திருத்தி எழுதத்தக்க பக்கங்களின் தொகுதியே விக்கி. அமெரிக்க நாட்டு நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதல் விக்கியைப் பொதுப் பயன்பாட்டிற்கு அளித்தார். விரைவு என்று பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லே அதன் பெயராயிற்று. 2001இல் விக்கிப்பீடியா தோன்றியது; தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஒவ்வொரு திருத்தமும் தனிப் பதிப்பாகச் சேமிக்கப்படுதலும், பழைய பதிப்பை எப்பொழுது வேண்டினும் மீட்க இயலுதலும் விக்கியின் சிறப்பியல்புகள். இவ்வரிசையைப் பக்க வரலாறு என்பர்.

தொடக்க கால விக்கிகளில் பக்கம் என்பது உரைநடையைத் தாங்கும் இடம் மட்டுமே. தளத்தை இயக்கும் நிரல், சேவைக் கணினியில் வேறு கோப்புகளில் இருந்தது. பக்கத்தை எவர் திருத்தினும் நிரலுக்கு ஊறு விளையாது. நாளடைவில், பக்கத்தினுள்ளேயே சிறு நிரல்களை எழுதிப் பயன்பாடுகளை அமைக்கும் வசதி வேண்டப்பட்டது. அதனை முதன்மை நோக்கமாகக் கொண்டு எழுந்ததே எக்ஸ்விக்கி. பிரான்சு நாட்டைச் சார்ந்த லுடோவிக் டுபோஸ்ட் என்பார் 2003இல் இதனைத் தொடங்கினார். ஜாவா மொழியில் இயற்றப்பட்ட இது கட்டற்ற மென்பொருளாகும்.

எக்ஸ்விக்கியில் கிட்டத்தட்ட அனைத்தும் பக்கங்களே. கட்டுரையும் பக்கம், கட்டுரைப் பட்டியலைத் தொகுத்துக் காட்டும் நிரலும் பக்கம், பயனர் ஒருவரைப் பற்றிய குறிப்பும் பக்கம், அவருக்கு இன்ன உரிமை உண்டு என்னும் விதியும் பக்கத்திலேயே சேமிக்கப்படுகின்றது. இவ்வொருமையால் விளையும் நன்மை பெரிது. கணினியியல் பயிலாத ஒருவரும் உலாவியின் வழியாகவே பயன்பாடு ஒன்றை அமைக்கவும், திருத்தவும், பிழை நேர்ந்தவிடத்துப் பழைய பதிப்பை மீட்கவும் இயலும். ஆயின் அதே ஒருமையே, நாம் முன்னர்க் கூறிய மயக்கத்திற்கும் இடனாகின்றது.

4. பயன்பாட்டின் உறுப்புகள்

ஓலைச்சுவடி அட்டவணை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒவ்வொரு சுவடிக்கும் நூற்பெயர், ஆசிரியர், ஏடுகளின் எண்ணிக்கை, சுவடியின் நிலை, படியெடுத்த ஆண்டு, குறிப்பு ஆகியவற்றைப் பதிதல் வேண்டும். எக்ஸ்விக்கியில் இதற்கு நான்கு வகை நிரற்பக்கங்கள் அமையும்.

முதலாவது வகுப்புப் பக்கம். ஒரு சுவடிப் பதிவில் என்னென்ன புலங்கள் இருத்தல் வேண்டும், அவற்றுள் எது எண், எது நாள், எது நீண்ட உரை என்னும் வரையறை இதன்கண் இருக்கும். இரண்டாவது தோற்றப் பக்கம். பதிவைத் திறந்தவுடன் புலங்கள் எந்த வரிசையில், எந்த வடிவில் திரையில் தோன்றுதல் வேண்டும் என்பதனை இது விதிக்கும். வெலாசிட்டி என்னும் எளிய நிரல்மொழியில் இதனை எழுதுவர். மூன்றாவது வார்ப்புப் பக்கம். புதிய பதிவு தொடங்கும்போது இதன் படியே எடுத்துத் தரப்படும். ஆதலின் இதனுள் வெற்றுப் படிவம் ஒன்று இருக்கும். நான்காவது முகப்புப் பக்கம். எல்லாப் பதிவுகளையும் தேடித் தொகுத்துப் பட்டியலாகக் காட்டுவது இதுவே.

இந்நான்கும் நிரல். இவற்றிற்குப் புறம்பாகச் சுவடிக்கு ஒன்றாக அமையும் பதிவுப் பக்கங்கள் தரவு. பதிவுப் பக்கத்தில் பொருள் எனப்படும் ஓர் உறுப்பு இணைக்கப்பட்டிருக்கும். வகுப்பு வெற்றுப் படிவத்தின் வரையறை எனின், பொருள் என்பது நிரப்பிய படிவம் எனலாம். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வகுப்பை அவ்வகுப்புப் பக்கத்தின் முழுப்பெயரால் நினைவிற் கொண்டிருக்கும். ஆகையால் வகுப்புப் பக்கத்தின் இடத்தை மாற்றிவிட்டு, பொருள்களில் உள்ள பெயரை உடன் மாற்றாவிடின், பதிவுகள் தம் வரையறையை இழந்து நிற்கும். இக்குறிப்பு பின்னர்ப் பயன்படும்.

5. கலத்தலால் நேரும் கேடுகள்

இவ்விருவகைப் பக்கங்களையும் ஓரிடத்தே கலந்து வைப்பதனால் மூவகைக் கேடுகள் விளைகின்றன.

(அ) எண்ணிக்கைப் பிழை. வார்ப்புப் பக்கத்திலும் வெற்றுப் படிவம் ஒன்று பொருளாக இருக்கின்றது என்று கூறினோம். இவ்வகுப்பைச் சார்ந்த பொருள்கள் எத்தனை என்று தளத்தை வினவினால், வார்ப்பையும் ஒரு சுவடியாகவே எண்ணி விடை கூறும். வினவலில் வார்ப்பை வெளிப்படையாக விலக்குதல் வேண்டும். அன்றி, தரவுக்கெனக் குறித்த இடத்தில் மட்டும் தேடும்படி கட்டளையிடுதல் வேண்டும். இரண்டும் செய்யாத அட்டவணையில் 412 சுவடிகள் 413 ஆகத் தோன்றும். பெயரற்ற சுவடி ஒன்று பட்டியலின் தலைப்பில் வந்து நிற்கும். பிழை சிறிதே, ஆயினும் எண்ணிக்கையை நம்பிக் கட்டுரை எழுதும் மாணவர்க்கு அது சிறிதன்று.

(ஆ) உரிமை முரண். பக்கத்தில் எழுதப்பட்ட நிரல் எவருடைய உரிமையில் இயங்கும் என்பது எக்ஸ்விக்கியில் நுட்பமான செய்தி. அப்பக்கத்தின் உள்ளடக்கத்தை இறுதியாகச் சேமித்தவர் எவரோ, அவருடைய உரிமையிலேயே அது இயங்கும். நிரலெழுதும் உரிமை இல்லாத ஆய்வாளர் ஒருவர், பட்டியலுக்கு மேலுள்ள முன்னுரையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தாரென்று கொள்வோம். அந்நொடி முதல் அப்பக்கத்தின் நிரல் அவர் பெயரில் இயங்க முயலும், உரிமையின்மையால் இயங்காது நிற்கும், பட்டியல் மறையும். பிழை திருத்தியவர் தாம் செய்த தவறு யாதென அறியார். இதனைத் தவிர்ப்பான் வேண்டி அனைவர்க்கும் நிரலெழுதும் உரிமையை அளிப்பாரும் உளர். அதனினும் தீது பிறிதில்லை. நூற்குறிப்பு எழுத வந்தவர் கையில் தளத்தின் இயக்கத்தையே மாற்றும் ஆற்றலை அளிப்பதாக அது முடியும்.

(இ) புதுப்பித்தலால் நேரும் அழிவு. இதுவே மூன்றனுள்ளும் பெரிது. பயன்பாடு ஒருமுறை எழுதி முடிவதன்று. குறைகள் களையப்படும், புதிய புலங்கள் சேர்க்கப்படும். புதிய நிரலைப் பொதியாகக் கட்டித் தளத்தில் இறக்குவர். எக்ஸ்விக்கியில் இப்பொதி, பக்கங்களை எக்ஸ்எம்எல் கோப்புகளாக்கிச் சுருக்கி அடைத்த ஒரே கோப்பாகும். நிரலும் தரவும் ஒரே இடத்தில் இருப்பின், பொதி கட்டுவோர் தம்மை அறியாமலே தரவையும் சேர்த்துக் கட்டிவிடுவர். பொதியை இறக்குமிடத்து, அதனுள் இருக்கும் பழைய தரவு, தளத்தில் உள்ள புதிய தரவின் மேல் அமரும்.

6. யாம் கண்ட நிகழ்ச்சி

இம்மூன்றாவது கேடு நிகழக் கூடியது என்று மட்டும் கூறி அமையாமல், நிகழக் கண்ட ஒன்றை ஈண்டுக் குறித்தல் தகும். எமக்குத் தொடர்புடைய துறையொன்றில் சுவடி அட்டவணை எக்ஸ்விக்கியில் அமைக்கப்பட்டது. நிரலை எழுதிய இளைஞர் தம் கணினியில் அதனைச் சோதித்துப் பார்த்தற்பொருட்டு, அதுகாறும் பதிவாகியிருந்த ஏறத்தாழ 60 சுவடிகளின் பக்கங்களையும் நிரலோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுசென்றார். நிரற்பக்கங்களும் பதிவுப் பக்கங்களும் ஒரே வெளியில் இருந்தமையால் அவற்றைச் சேர்த்துக் கட்டுவதே எளிதாக இருந்தது. மூன்று திங்கள் கழிந்தன. அக்காலத்தில் துறை மாணவர் அந்த 60 பதிவுகளையும் சுவடியோடு ஒப்பிட்டுத் திருத்தியிருந்தனர். புதிய பதிவுகள் பல சேர்த்திருந்தனர். பின்னர் இளைஞர் திருத்திய நிரலைப் பொதியாகக் கொணர்ந்து இறக்கினார்.

பொதியை இறக்கும்போது, தளத்தில் முன்னரே உள்ள பக்கத்தின் வரலாற்றை என் செய்வது என்று எக்ஸ்விக்கி வினவும். இருக்கும் பக்கத்தின்மேல் புதிய பதிப்பொன்றைச் சேர்த்தல், பொதியில் உள்ள வரலாற்றையே பக்கத்தின் வரலாறாக்குதல், வரலாற்றை நீக்கி முதற்பதிப்பினின்று தொடங்குதல் என வழிகள் மூன்று. முதல் வழியைத் தேர்ந்திருப்பின் இழப்பை மீட்டிருக்கலாம். திருத்தங்கள் பழைய பதிப்புகளாக எஞ்சியிருக்கும். அன்று தேர்ந்தது இரண்டாவது வழி. மூன்று திங்கள் திருத்தங்களும், அவை இருந்தன என்பதற்குச் சான்றான வரலாறும் ஒருங்கே மறைந்தன. புதிதாகச் சேர்த்த பதிவுகள் பொதியில் இல்லாமையால் அவை மட்டும் தப்பின. தளத்தின் காப்புப் படியோ, திருத்தப்பணி தொடங்குவதற்கு முன் எடுத்தது.

மாணவர் குறிப்பேடுகளைக் கொண்டு பெரும்பகுதியை மீண்டும் எழுதினோம். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. சுவடி ஒன்றின் இறுதி ஏட்டு ஓரத்தில், அதனைப் படியெடுத்த ஆண்டைக் காட்டும் குறிப்பு மங்கலாக இருந்தது. மாணவி ஒருவர் அதனை அரிதின் முயன்று படித்து, ஏட்டிலிருந்து நேரே தளத்தில் பதிந்திருந்தார். குறிப்பேட்டில் அதனை எழுதினாரல்லர். மறுபடியும் பார்ப்போம் என்று சுவடியை எடுத்தபோது, ஏட்டின் அவ்வோரம் உதிர்ந்திருந்தது. அச்சுவடிக்கு எதிரே ஆண்டு என்னும் புலம் இன்றும் வெறுமையாகவே உள்ளது.

இதில் இளைஞரைக் குறை கூறுதற்கு இல்லை. நிரலை அறிந்த அவர், தரவின் அருமையை அறிந்திலர். தரவின் அருமையை அறிந்த யாம், அது நிரலோடு ஒரே கட்டில் கிடந்தது என்பதனை அறிந்திலோம். இருவேறு பொருள்களை இருவேறு இடத்தில் வைத்திருப்பின் இவ்வறியாமை தீங்கு செய்திராது.

7. பிரித்து அமைக்கும் முறை

எக்ஸ்விக்கியில் பக்கங்களை வெளி எனப்படும் பிரிவுகளில் அடுக்குவர். தொடக்கத்தில் வெளி ஓரடுக்கே உடையதாயிருந்தது. 2015இல் வெளிவந்த 7.2ஆம் பதிப்பு முதல், வெளிக்குள் வெளியாக எத்தனை அடுக்கும் அமைக்கலாயிற்று. இம்மாற்றத்தால் பின்வரும் அமைப்பு எளிதாகின்றது.

சுவடி அட்டவணைக்குச் சுவடி எனத் தாய்வெளி ஒன்றை வைத்துக்கொள்வோம். அதன் முகப்புப் பக்கம் படிப்போர் காண்பது. அதனுள் நிரல், தரவு என இரு வெளிகள். வகுப்பு, தோற்றம், வார்ப்பு ஆகிய பக்கங்கள் நிரல் வெளியில் அடங்கும். பட்டியலைத் தொகுக்கும் நிரலையும் இவ்வெளியில் வைத்து, முகப்புப் பக்கத்தில் அதனை அழைக்கும் ஒரு வரியை மட்டும் எழுதுதல் நன்று. சுவடிப் பதிவுகள் யாவும் தரவு வெளியில் அடங்கும். வேறெதுவும் அதனுள் புகுதலாகாது. நிரலறியாதார் பயன்பாடு அமைத்தற்கென எக்ஸ்விக்கி தரும் கருவியும், நிரலுக்கெனத் தனி வெளியைத் தானே வகுத்துக்கொள்கின்றது. தளத்தைப் படைத்தோரும் இந்நெறியை உடன்பட்டனர் என்பதற்கு இது சான்று.

இப்பிரிவினால் முற்கூறிய மூன்று கேடுகளும் நீங்குமாறு காண்போம். வினவலைத் தரவு வெளியளவில் நிறுத்திவிட்டால், நிரல் வெளியில் இருக்கும் வார்ப்பு எண்ணிக்கையில் புகாது. உரிமையை வெளிதோறும் தனித்தனியே வகுக்கலாம்; தாய்வெளிக்கு விதித்தது சேய்வெளிக்கும் செல்லும், சேய்வெளியில் வேறு விதிப்பின் அதுவே ஆங்கு வலியது. ஆகவே நிரல் வெளியில் திருத்தும் உரிமையைப் பொறுப்பாளர் குழுவினர்க்கும், தரவு வெளியில் திருத்தும் உரிமையை ஆய்வாளர் குழுவினர்க்கும் அளித்துவிடலாம். ஒரு குழுவிற்கு ஓரிடத்தில் ஓர் உரிமையை வெளிப்படையாக அளித்தால், அவ்விடத்தில் அவ்வுரிமை ஏனையோர்க்கு இல்லை என்பது தானே பெறப்படும். பொதி கட்டும்போது நிரல் வெளியை மட்டும் கட்டுதல் வேண்டும். பொதியில் இல்லாத பக்கத்தைப் பொதி அழிப்பதில்லை. எம் 60 பதிவுகளும் இவ்வொரு விதியால் தப்பியிருக்கும்.

நிரற்பக்கங்களைத் தளத்திலேயே திருத்திவிடின், புதுப்பித்தலின்போது அத்திருத்தம் என்னாகும் என்னும் வினா எழலாம். நீட்சி மேலாளர் என்னும் உறுப்பின் வழியாகப் பயன்பாட்டை நிறுவியிருப்பின், எக்ஸ்விக்கி மூன்று பாடங்களை ஒப்பிடும்: முன்னர் நிறுவிய பதிப்பின் பாடம், புதிய பதிப்பின் பாடம், தளத்தில் இப்பொழுதுள்ள பாடம். முரணாதவற்றைத் தானே இணைக்கும். முரணுமிடத்துப் பொறுப்பாளரை வினவும். பாடபேத ஆராய்ச்சி செய்வார்க்கு இம்முறை நன்கு விளங்கும். ஆயினும் இது நிரலுக்கு உரிய காப்பு; தரவைக் கலந்து வைத்துவிட்டு இதனை நம்பியிருத்தல் தகாது.

வெளிகளின் பெயரையும், வகுப்புப் பக்கத்தின் பெயரையும் தொடக்கத்திலேயே ஆய்ந்து இடுதல் வேண்டும். பொருள்கள் வகுப்பை முழுப்பெயரால் அறிகின்றன என்று மேலே கூறினோம். நூறு பதிவுகள் சேர்ந்தபின் பெயரை மாற்ற முற்படுதல், அச்சேறிய அகராதியில் தலைச்சொற்களின் வரிசையை மாற்ற முற்படுதலை ஒக்கும். பதிவுப் பக்கத்தின் பெயர் வேறு, திரையில் தோன்றும் தலைப்பு வேறு என்பதும் கருதத்தக்கது. நூற்பெயரைப் பின்னர்த் திருத்த நேரிடலாம். ஆதலின் பக்கத்தின் பெயராகச் சுவடி எண்ணை இட்டு, நூற்பெயரைத் தலைப்பாக வைத்துக்கொள்ளின் இணைப்புகள் அறுபடா.

8. எல்லைக்கண் நிற்பன

எல்லாவற்றையும் இரண்டாக எளிதிற் பிரித்துவிட இயலாது. சுவடி இருக்கும் நூலகங்களின் பட்டியல் நிரலா, தரவா? சுவடியின் நிலையைக் குறிக்க நன்று, சிதைவு, மிகுசிதைவு என வகுத்த சொற்கள் எப்பாலன? படிப்போர்க்குக் காட்டும் முன்மாதிரிப் பதிவு எதனுள் அடங்கும்? இவை எழுதியவராற் பார்த்தால் நிரலோடு வந்தவை. பயன்பாட்டாற் பார்த்தால் தரவு போன்றவை.

இவ்வையம் தீர ஒரு வினா போதும் எனக் கருதுகின்றோம்: பயன்பாட்டை நிறுவியபின் இதனை மாற்றுவோர் யாவர்? நிரல் எழுதியவரே மாற்றுவாராயின் அது நிரல். தளத்தைக் கையாள்வோர் மாற்றுவாராயின் அது தரவு. இதன்படி நூலகப் பட்டியல் தரவாகும். நிலையைக் குறிக்கும் சொற்கள், தோற்றப் பக்கத்தின் நிரல் அவற்றைச் சுட்டிச் செயற்படுமாயின், நிரலாகும். முன்மாதிரிப் பதிவு நிரலோடு வரினும், வந்தபின் கையாள்வோர்க்கு உரியது. ஆகவே அடுத்த புதுப்பித்தலில் அதனைத் தீண்டாது விடுதலே நெறி. தளத்தார் தம் விருப்பிற்கேற்ப மாற்றும் அமைப்புக் குறிப்புகளை நிரற்பக்கத்தின் இடையே எழுதாமல், தனிப்பக்கம் ஒன்றில் வைத்தல் வேண்டும்.

எக்ஸ்விக்கியே இந்நெறியை முற்றக் கடைப்பிடித்தது எனக் கூறுவதற்கில்லை. அதன்கண் பயனர் ஒவ்வொருவருக்கும் உரிய பக்கம், தளத்தின் பெயரையே கொண்ட எக்ஸ்விக்கி என்னும் வெளியில் அமைகின்றது. பயனருக்குரிய வகுப்புப் பக்கமும், தளத்தின் பொது அமைப்புப் பக்கமும் அதே வெளியில் உள்ளன. மனிதரைப் பற்றிய தரவும், தளத்தின் உள்ளுறுப்புகளும் ஓரிடத்தில் இருத்தலைக் காண்கின்றோம். வெளியின் பெயர் பல்வேறு பயன்பாடுகளில் எழுதப்பட்டுவிட்டமையால், பின்னர் அதனைப் பிரித்தல் எளிதன்று. தொடக்கத்தில் செய்யும் அமைப்பு எத்துணைக் காலம் நிலைபெறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

9. மீடியாவிக்கியின் நெறி

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. அதில் பக்கங்கள் பெயர்வெளிகளில் அடங்கும். ஒவ்வொரு பெயர்வெளிக்கும் எண் உண்டு. கட்டுரைகளின் வெளி 0. பயனர் வெளி 2. வார்ப்புரு வெளி 10. இரட்டைப்படை எண் பெற்ற வெளி ஒவ்வொன்றிற்கும் அடுத்த ஒற்றைப்படை எண்ணில் பேச்சு வெளி அமையும். லூவா என்னும் மொழியில் எழுதும் நிரற்கூறுகளுக்கென 828ஆம் எண்ணுடைய வெளி அமைக்கப்பட்டு, 2013இல் விக்கிப்பீடியாவில் பயன்பாட்டிற்கு வந்தது. இன்ன வகை எழுத்து இன்ன வெளியில் என்பதனைத் தளமே விதித்துவிடுவதனால், எக்ஸ்விக்கியிற் போன்று அமைப்போரின் விழிப்பை நம்பியிருக்க வேண்டுவது குறைவு.

எனினும் ஒரு குறை இருந்தது. ஊரின் மக்கள்தொகை, ஆசிரியரின் பிறந்த நாள் போன்ற செய்திகள் கட்டுரையின் உள்ளேயே, தகவற்சட்ட வார்ப்புருவுக்குத் தரும் மதிப்புகளாக எழுதப்பட்டன. ஒரே செய்தி ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவிலும் தனித்தனியே திருத்தப்பட வேண்டியதாயிற்று. தரவைத் தனியே ஓரிடத்தில் வைத்து எல்லா மொழிகளும் எடுத்தாளும் பொருட்டு, 2012இல் விக்கித்தரவு தொடங்கப்பட்டது. உரை, நிரல், தரவு என்னும் மூன்றும் மூன்று இடங்களைப் பெற்றமை இவ்வாறாகும்.

தமிழ் ஆய்வாளர்க்கு நெருங்கிய எடுத்துக்காட்டு தமிழ் விக்கிமூலமாகும். அச்சு நூல்களின் மின்படிகளைப் பார்த்து எழுத்தாக்கும் இத்தளத்தில், பக்கம், அட்டவணை என இரு சிறப்புப் பெயர்வெளிகள் உள்ளன. மின்படியின் ஒவ்வொரு பக்கத்திற்கும் உரிய எழுத்து பக்கம் என்னும் வெளியில், படத்திற்கு எதிரே வைத்து மெய்ப்புப் பார்க்கப்படுகின்றது. நூல் முழுமையின் அடக்கமும், மெய்ப்புப் பார்த்த நிலையும் அட்டவணை வெளியில் காட்டப்படுகின்றன. படிப்போர் காணும் நூல், பக்கங்களை இயல் இயலாக வரவழைத்துக் கோத்த தோற்றமே. அத்தோற்றத்தை எத்துணை முறை மாற்றி அமைத்தாலும், மெய்ப்புப் பார்த்த எழுத்து ஊறின்றித் தன் இடத்தே இருக்கும்.

10. முடிவுரை

விக்கியின் பக்கம் எதனையும் தாங்கும்; தாங்குவது யாது என்று அறியாது. எனவே நிரல், தரவு என்னும் பகுப்பைச் செய்ய வேண்டியவர் அமைப்போரே. எக்ஸ்விக்கியில் அப்பகுப்பு மூன்று செயல்களால் அமையும்: நிரலுக்கும் தரவுக்கும் வேறு வேறு வெளி வகுத்தல், அவ்வெளிகளுக்கு வேறு வேறு உரிமை விதித்தல், பொதியில் நிரலை மட்டும் கட்டுதல். ஐயம் எழுமிடத்து, நிறுவியபின் மாற்றுவோர் யாவர் என்னும் வினா வழிகாட்டும்.

இரண்டனுள் எது மிகுதியும் காக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. நிரல் தொலைந்தால் அறிந்தவர் ஒருவர் மறுபடியும் எழுதலாம். முன்னதினும் நன்றாகவும் எழுதலாம். ஏட்டைக் கண்ணால் கண்டு பதிந்த செய்தி தொலைந்தால், அவ்வேடு மீண்டும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின், ஆய்வுப் பணிக்கு விக்கித் தளத்தை மேற்கொள்ளும் தமிழ்த்துறைகள், நிரலறிந்தாரிடம் பணியை ஒப்படைக்கும் நாளன்றே, எம் பதிவுகள் எவ்வெளியில் இருக்கும் என்று கேட்டுத் தெரிந்து, அதனை எழுத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.